குறட்டைப் பஞ்சாயத்து

பெண் பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பின பிறகு என் தூக்கத்தைப் பார்க்க வந்தார்கள். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, கலைமதி என்கிற நான் தூக்கத்தில் குறட்டை விடுகிறேனா இல்லையா என்று காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார்கள். விட்டால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். விடாவிட்டால் அன்றைக்கே புருஷன் வீடு. படித்து எழுதுகிற பரீட்சை என்றால் எப்படியோ எழுதிவிடலாம். இதில் தூங்கிப் பாஸாக வேண்டும்.

என் மாமியார் தங்கம்மாள் என்னைத் தேர்ந்தெடுத்ததே இந்த முகத்துக்காகத்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, மொகம் எலுமிச்சம்பழமாட்டம் கையில அடங்குது பாருங்க என்று கூட வந்தவர்களிடம் காட்டினார். எனக்குக் கீழ்த்தாடை சின்னது, கொஞ்சம் உள்ளே வாங்கியிருக்கும். பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் மோவாய் இருக்கிறதா என்று தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை லட்சணம் என்பார்கள். அந்த லட்சணம்தான் தூக்கத்தில் என் தொண்டையை அடைக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே நான் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். கணக்கு டீச்சர் சாக்பீஸ் துண்டை எறிந்து எழுப்புவார். எழுந்திருக்கும்போதே தலைவலியோடு எழுந்திருப்பேன். எல்லாருக்கும் காலை அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா, ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை தின்னு என்பாள். தின்ற கீரைக்கு இந்நேரம் நான் மரமாகியிருக்க வேண்டும்.

கல்யாணமாகிப் போன இடத்தில் மானம் போயிற்று. புருஷன் பெயர் அர்ச்சுனன். மினி லாரி வைத்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி, மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போய் வருகிறவர். நல்ல மனிதர்தான். கோபித்துப் பேசத் தெரியாது, யாரையும் எதிர்த்துப் பேசவும் தெரியாது. அந்த வீட்டில் அறைக்கு அறை சுவர் உண்டு, மேலே ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான் விட்ட குறட்டை கூரையோடு ஓடி மாமியார் படுத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மகனும் விடுவார். அது அந்த வீட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் மாதிரி, நின்றால்தான் கவனிப்பார்கள். ஆம்பளைப் பையன் உழைச்சுட்டு வந்து அசந்து தூங்குறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெண்பிள்ளை விட்டால் தரித்திரம்.

சத்தத்தையாவது பொறுத்திருப்பார்கள். பகல் தூக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. பூண்டு உரித்துக்கொண்டே தூங்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்தது, பக்கத்தில் நின்றபடியே கண் சொக்கிப் போயிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரில் சாய்ந்து வாய் திறந்து கிடந்த என்னை வந்திருந்த சொந்தக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். மாமியார் அன்றைக்கு முதல் முறையாக மூதேவி என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது திட்டு இல்லை, கண்டுபிடிப்பு. லட்சுமி என்று நினைத்து மூதேவியைக் கூட்டி வந்துவிட்டோமே என்று நிஜமாகவே பயந்தார். அதற்குப் பிறகு மாடு செத்தாலும் நான்தான், போர்வெல்லில் தண்ணீர் இறங்கினாலும் நான்தான்.

ஆடி மாதம் எங்கள் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். என்னையும் அப்பா வந்து அழைத்துப் போனார். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆவணி வந்தது, போனது, மாப்பிள்ளை வரவில்லை. புரட்டாசியில் ஒரு சொந்தக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள், அந்தச் சத்தத்தோட இங்க வேண்டாம் என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாழாவெட்டி என்றார்கள். எதற்கு வாழாவெட்டியானாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மாமியார் கொடுமை என்றால் பரிதாபப்பட ஆள் இருக்கும். குறட்டைக்கு யார் பரிதாபப்படுவார்கள்?

என் அப்பா சென்னப்பன் மஞ்சள் விவசாயம் செய்கிறவர். கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார். ஒரு சாமியாடி எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பழம் காய்ந்தது. கடைசியில் தர்மபுரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, இதையெல்லாம் கட்டிக்கொண்டு ஒரு நாள் தூங்கச் சொன்னார்கள். அதில் தெரிந்துவிட்டது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று போகிறது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்புகிறது, நான் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கண் அயர்கிறேன், மறுபடி நிற்கிறது. விடிய விடியப் படுத்திருந்தேனே தவிர நான் தூங்கவே இல்லை. பகலில் வந்தது அந்தப் பாக்கித் தூக்கம். ஆளும் ஒல்லி, டான்சிலும் இல்லை, உங்களுக்குத் தாடையில்தான் கோளாறு, பல் சீரமைப்பு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார் அவர்.

அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டாள். தூக்கத்துக்குப் பல் டாக்டரா, இது கால் வலிக்குக் கண் டாக்டர்கிட்ட போற கதையா இருக்குதே என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பல் சீரமைப்பு டாக்டர் பெயர் ஜாஸ்மின், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். காத்திருந்த அறை முழுக்கப் பல்லில் கம்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள். என் முறை வந்ததும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, அதை எங்களுக்குக் காட்டிச் சொன்னார். கீழ்த்தாடை போதுமான அளவு முன்னால் வளரவில்லை. விழித்திருக்கும்போது நாக்கு தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது, தூங்கினதும் தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் கூட்டி வந்திருந்தால் வளர்கிற தாடையைக் கருவி வைத்து முன்னால் கொண்டுவந்து பார்த்திருக்கலாம், இப்போது எலும்பு முற்றிவிட்டது என்றார். அந்த வயதில் என்னைப் பார்த்து எல்லாரும் தூங்குமூஞ்சி என்றுதான் சொன்னார்கள், தாடை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும்? பொட்டப்புள்ள வாயில கம்பி போட்டா எவன் கட்டுவான் என்றிருப்பார்கள்.

பசை மாதிரி ஒன்றை வாயில் வைத்து அச்செடுத்தார். கொஞ்ச நாளில் தகடு வந்தது. மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, கண்ணாடி மாதிரி. இரண்டையும் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை முன்னால் தள்ளி நிற்கும், நாக்கும் கூடவே முன்னால் வரும். பக்கத்தில் குட்டித் திருகாணி, அதை டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். எல்லாருக்கும் இது ஒத்துவராது, வியாதி முற்றினவர்களுக்கு முகமூடி மெஷின்தான், உங்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன், போட்டுக்கொண்டு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார். போட்டால்தான் வேலை செய்யும், கழற்றினால் பழைய கதைதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

முதலில் நரகம். எச்சில் வழிந்து தலையணை நனைந்தது. காலையில் தாடை விண்ணென்று வலித்தது, பல்லோடு பல் சேராமல் இட்லியைக்கூடக் கடிக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் மாமியார் முகத்தை நினைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்தேன், தலை வலிக்கவில்லை. கண்ணைக் கசக்காமல் கண் திறந்திருந்தது. கொல்லையில் காகம் கத்தினது தனியாக, சுத்தமாகக் கேட்டது. இப்படியா எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், இத்தனை வருஷமாக இதை வைத்துக்கொண்டா என்னைச் சோம்பேறி என்றார்கள் என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா பயந்து போய் ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கினேன் என்றேன்.

மறு டெஸ்ட் நன்றாக வந்ததும் அப்பா, வைத்தியம் பார்த்தாச்சு, பெண்ணைக் கூட்டிப் போங்கள் என்று மொரப்பூருக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் நம்பவில்லை. டாக்டர் சீட்டையெல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எங்கள் ஆட்கள் காதால் கேட்க வேண்டும் என்றார்கள். அவர்கள் வீட்டில் படுக்க வைத்துக் கேட்க அப்பா ஒப்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து படுக்க அவர்கள் ஒப்பவில்லை. ஊர்ப் பெரியவர் கோவிந்தன்தான் வழி கண்டுபிடித்தார். பொண்ணு பகல்லயே தூங்குதுன்னுதானே பிராது, அப்ப பகல்லயே கேட்டுடுவோம் என்றார். இந்த மூளைக்காகத்தான் அவரைப் பெரியவராக வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்குமாகச் சமைத்திருந்தது. ஆனால் பிராது தீராமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். வந்தவர்கள் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிற்றில் பெண்ணுக்கு எப்படித் தூக்கம் வரும் என்று அப்பா கேட்க, சரி, பொண்ணு மட்டும் சாப்பிடட்டும் என்று கோவிந்தன் தீர்மானித்தார். பசியோடு இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் இலை போட்டு நான் ஒருத்தி சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டேன். அர்ச்சுனன் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார் போல, கண் சிவந்திருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. பாவிக்கு வாய்தான் இல்லை.

பக்கத்து அறையில் பாய் போட்டிருந்தது. அவர்கள் பக்கம் பாஞ்சாலி, என் மாமியாரின் தங்கை. எங்கள் பக்கம் என் பெரியம்மா. இரண்டு பேரும் பாய்க்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பித் தகட்டை மாட்டிக்கொண்டு படுத்தேன்.

இனிமேல்தான் கூத்து. வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்தில் வந்து தொலைத்த தூக்கம் அன்றைக்கு வரவில்லை. எப்படி வரும்? நான்தான் இப்போது ராத்திரியில் சரியாகத் தூங்குகிறேனே. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன். பாஞ்சாலி குனிந்து என் மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்த்தார். அவர் வெற்றிலை வாசம் என் முகத்தில் அடித்தது. வெளியில் பேச்சு மெல்ல அடங்கியது. பசியும் வெக்கையும் சேர்ந்து எல்லாரையும் அமுக்கியிருக்க வேண்டும்.

அப்போது கேட்டது. கர்ரென்று ஆரம்பித்து, ஏறி, கூடத்தின் சுவரில் முட்டித் திரும்பி வருகிற குறட்டை. அரைத்தூக்கத்தில் இருந்த பாஞ்சாலி துள்ளி எழுந்து, கேட்டுச்சு பாருங்க, கேட்டுச்சு பாருங்க என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஓடினவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தம் கூடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தூணில் சாய்ந்து, தலை பின்னால் விழுந்து, வாய் பிளந்து, அர்ச்சுனன் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் எழுந்து வந்து அறை வாசலில் நின்று சிரிக்கத்தான் வாயெடுத்தேன். சத்தம் சட்டென்று நின்றது. அவர் தூக்கம் கலைந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். என் பெரியம்மா மகன் நான் தூங்கும்போது செல்போனில் எடுத்த வீடியோவில் என்னையே நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர் நெஞ்சு ஏறி இறங்கியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முட்டியது. அவருக்கு இன்னும் வரவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, விட்டுவிட்டேன். அதற்கும் பிறகுதான் அவர் தண்ணீரில் முங்கினவன் தலை தூக்குகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி கர்ரென்று ஆரம்பித்தார். இந்த மனிதன் லோடு ஏற்றிக்கொண்டு மஞ்சவாடி வளைவுகளில் போய் வருகிறான். என்னை எதற்காக அங்கே படுக்க வைத்தார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்து திருதிருவென்று விழித்தார். தகட்டோடு பேச வராது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கோவிந்தன் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, இவருக்கும் இருக்குதுங்க. எனக்கு இருந்ததைவிட ஜாஸ்தியா இருக்குது. வண்டி ஓட்டறவருங்க. ஒருக்கா தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லுங்க. காட்டுன மறுநாளே நான் வூட்டுக்கு வர்றேன்."

எல்லார் கண்ணும் என் கையில் இருந்தது. எச்சில் வழிய, பல் வரிசை மாதிரி ஒரு சாமான். பாஞ்சாலி, பொய்ப்பல்லு வச்சு ஏமாத்திட்டாங்க என்று கத்தினார். அப்பா அது வைத்தியம் என்று விளக்கிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? ஒரே இரைச்சல். தங்கம்மாள் மட்டும் கத்தவில்லை. எழுந்து வந்து மகன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"தன் குத்தத்தைத் தூக்கி எம்மவன் தலையில வெக்கிறா பாத்தீங்களா. ராவும் பகலும் உழைக்கிற புள்ள, அசந்து தூங்குனா அது வியாதியா?"

நான் அவரை விட்டுவிட்டு அர்ச்சுனனைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரி, வர்றேன் என்று. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் எங்கள் ஊர்ப் பையன்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பளைன்னா கொறட்டை விடத்தான் செய்வான். அதுக்குப் போயி டாக்டரா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

கோவிந்தன் தீர்ப்புச் சொன்னார். அறையில் இருந்து சத்தம் வரவில்லை, ஆகவே பெண் மேல் பிராது இல்லை. அந்தச் சாமானை நாலு பேருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு பெண் இன்றைக்கே வண்டியேறலாம். மற்றபடி பத்துப் பேர் நடுவில் கட்டின புருஷனை வியாதிக்காரன் என்று சொன்னது தப்பு, அதற்கு மாமியார் காலில் விழுந்துவிட வேண்டும். நான் முடியாது என்றேன். அவரை டாக்டரிடம் காட்டாமல் வரமாட்டேன் என்றேன். நிபந்தனை போடற எடத்துல நீ இல்லம்மா என்றார் கோவிந்தன். அப்படியென்றால் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஜெயித்த கேஸைத் தோற்கிறாயே என்று பல்லைக் கடித்தார்.

அவர்கள் கை நனைக்காமலே வேன் ஏறினார்கள். அன்றைக்கு ஆக்கின சோற்றில் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். மீதியை அம்மா மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

அதற்குப் பிறகு ஊரில் என் பெயர் மாறியது. குறட்டை விட்டவள் போய், புருஷனை வியாதிக்காரன் என்று சொன்னவள் ஆனேன். முன்னதைவிட இது பெரிய குற்றம் என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து பில் போட்டேன், ஒரு தடவை கண் அயரவில்லை. என் மேல் இருந்த பிராது பொய் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் மூதேவி வேலைக்குப் போனால் அதைப் பார்க்க ஊருக்கு ஏது நேரம்?

அர்ச்சுனனுக்கு இரண்டு மூன்று தடவை போன் செய்தேன். எடுத்தார். கூப்பிட்டதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரிதான் குரல் இருந்தது. நீ வந்து கூட இரு, அப்பறம் பார்த்துக்கலாம் என்பார். முதலில் காட்டிவிட்டு வாங்க மாமா, வந்துடறேன் என்பேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும் என்பார். தாய் வருத்தப்படுவாள் என்று மூச்சை நிறுத்திக்கொள்கிற பிள்ளையை என்ன செய்வது? நானும் போன் செய்வதை விட்டேன்.

நான் பயந்துகொண்டிருந்தது மஞ்சவாடி கணவாயை. அங்கே ஒன்றும் ஆகவில்லை. கணவாயெல்லாம் தாண்டி வந்த பிறகு, நேரான ரோட்டில், பட்டப்பகலில், காலி வண்டியோடு தூங்கிப் போய், ஒரு பஸ் நிறுத்த நிழற்குடையில் கொண்டுபோய் மோதினார். பஸ் அப்போதுதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கொஞ்சம் முந்தியிருந்தால் எத்தனை பிணம் விழுந்திருக்குமோ. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் தூங்குகிற தூக்கத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரே சத்தம் போட்டாராம். இப்படித் தூங்குகிறவன் கையில் எப்படி வண்டியைக் கொடுத்தீர்கள், இது பெரிய வியாதி, உடனே காட்டுங்கள் என்று. நான் சொன்ன அதே வார்த்தைதான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினால் கேட்கிற காதுக்கு, தாலி தொங்கினால் கேட்காது.

போன வாரம் தங்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் பேச வந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் படியேறுகிறார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெளியில் ஆட்டோ நின்றது, பின் சீட்டில் கையைக் கழுத்தில் கட்டின துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தார். மாமியார் இளைத்துப் போயிருந்தார். அம்மா காப்பி கொடுத்ததும் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. தூங்கும்போது பிள்ளைக்கு மூச்சு நிற்கிறது, பக்கத்திலேயே விழித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், நின்றதும் தட்டித் தட்டி எழுப்புகிறேன் என்றார். ஊரே பாவம் பாவம் என்கிறதாம். குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டியிருக்கிறாராம். நீ பார்த்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போக வேண்டும், நீயும் கூட வா, அப்படியே வீட்டுக்கு வந்துவிடு, இதைப் பற்றித் தெரிந்தவள் நீதானே, கூட இருந்து பார்த்துக்கொள் என்றார்.

"இந்த வயசுல எம்புள்ளைக்கு இப்படி ஒரு வியாதி வந்துடுச்சேம்மா," என்றார்.

எனக்கு மனசு இளகித்தான் போனது. அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றவில்லை. டாக்டர் ஜாஸ்மின் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் டெஸ்ட் எடுக்க வேண்டும், தகடு போதுமா மெஷின் வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள், அதுவரைக்கும் அவரை வண்டியைத் தொட விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, சாமி சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், பையை எடுத்துக்கொண்டு அந்த ஆட்டோவிலேயே ஏறியிருப்பேன்.

"அவருக்கு வந்தது வியாதிங்க அத்தை. எனக்கு இருந்தது என்னங்க?"

தங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யோசித்துத்தான் பார்த்தார். அவர் முகத்தில் கபடம் துளிக்கூட இல்லை.

"உனக்கு என்ன கண்ணு," என்றார். "உனக்குச் சும்மா கொறட்டைதானே."

நான் எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் அதற்குள் தூங்கிப் போயிருந்தார். குறட்டை நடுவில் சட்டென்று நின்றது. அவர் மோவாயைப் பிடித்து மெல்ல முன்னால் தூக்கினேன், மூச்சு வந்தது. ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிட்டு, வேலைக்குப் பஸ் பிடிக்க நடந்தேன்.